ஃபித்தாவின் தலைமாட்டுக் கல்

என் புருஷன் முத்லக் இதுவரை பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். அதிலும் பாதி "கை வைக்காதே" என்பதுதான். மேட்டுக்கு ஆடு ஓட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் சொல்வார். பஸ்ஸில் வந்து இறங்கி, வேதப் புத்தகத்தைக் கையில் விரித்துக்கொண்டு, இதுதான் அந்த ஊரா, அந்த ராஜா இருந்த இடமா என்று வாயைப் பிளக்கும் வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்வார். கல்யாணமான புதிதில், சரிந்து கிடந்த சுவரில் ஒரு கல்லை எடுத்து அடுப்புக்கு முட்டுக் கொடுக்கப் போன என்னிடமும் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான் அவருடைய வேலை.

எனக்கு அவரைப் பேசி முடித்தபோது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டேன். "உக்காந்திருக்கிறது" என்றாள் என் சித்தி. கேலி என்று நினைத்தேன். நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறாள்.

கெரக் நகரத்துப் பக்கத்தில் உம்மு ருஜூம் என்று எங்கள் மேட்டுக்குப் பெயர். ஒரு ஊர்மேல் இன்னொரு ஊர், அதன்மேல் இன்னொன்று என்று இடிந்து இடிந்து உயர்ந்த மேடு. எங்கள் மாமனாரின் பார்லி வயல் அதன் அடிவாரத்தில் முடியும். அரசாங்கத்து ஆட்கள் காவலுக்கு ஆள் தேடி வந்த அன்று இவர் வயல் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தாராம். எப்படியும் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறாய், நீயே இரு என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். காக்கி நிறத்தில் ஒரு கோட்டும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். கோட்டு இரண்டு ஆள் நுழையும் அளவு பெரியது. விசிலை அவர் ஊதி நான் கேட்டதேயில்லை.

மேட்டின் உச்சியில் எங்கள் சனங்களைப் புதைக்கும் மையவாடி இருக்கிறது. அங்கே மண் இளகியது, உழவு கிடையாது, தண்ணீர் நிற்காது. ஊர்க்காரர்களின் கபர் எல்லாம் அங்கேதான். தோண்ட வரும் வெளிநாட்டுக் குழுக்காரர்கள் சரிவில் மட்டும் தோண்டுவார்கள். உச்சிப் பக்கம் வரக்கூடாது என்று பேச்சு. ஆக, என் புருஷன் செத்த ராஜாக்களுக்கும் காவல், செத்த எங்கள் சனங்களுக்கும் காவல்.

ஃபித்தாவும் அங்கேதான் இருக்கிறாள்.

ஃபித்தா எங்கள் மூத்த பிள்ளை. மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் பனி கொட்டி கெரக் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை மூடிக்கொண்டது. காய்ச்சல். இவர் அந்தப் பெரிய கோட்டுக்குள் அவளைச் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடையாகக் கிளம்பினார். பாதி தூரம் போயிருப்பார். திரும்பி வந்தபோது கோட்டுப் பொத்தானை யாரையும் அவிழ்க்க விடவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. ஆண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், மண்ணோடு திரும்பி வந்தார்கள். என் பிள்ளையை எந்த இடத்தில் எந்தப் பக்கமாகப் படுக்க வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பெருநாளுக்குத்தான் பெண்கள் மேலே போவோம். அந்தப் பெருநாளில் நான் ஏறிப் போனபோது இவர் ஒரு கல்லைக் காட்டினார். முழங்கால் உயரத்துக் கருங்கல். முன்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. மற்றக் கபர்களுக்கெல்லாம் சுண்ணாம்புக் கல், இவளுக்கு மட்டும் கறுப்பு. நான் உட்கார்ந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் பின்பக்கத்தில் என் விரல்கள் பட்டன. அங்கே செதுக்கியிருந்தது. ஒரு வட்டம், அதை ஒட்டி மூன்று பல், பிறகு ஒரு கொக்கி. இன்னும் கீழே கீழே நிறைய இருந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் காலத்துப் பெண்களில் யாருக்குத் தெரியும்?

"பேரு எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ம்ம்" என்றார்.

ஏன் முதுகுப் பக்கம் எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எங்களில் வீட்டுப் பெண்களின் பெயரை அந்நியர் முன்னால் சொல்லமாட்டோம். பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து போகிற மேடு. கண்ட கண்ட மனுஷரும் படிக்க வேண்டாம் என்று மகளின் பெயரை உள்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார் மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய எத்தனை ஊமைத்தனத்தைப் பொறுத்துப் போயிருக்கிறேன்! அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் ஃபித்தா என்ற பெயரை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. போகட்டும், கல்லில் எழுதிவிட்டாரே என்று சமாதானப்பட்டுக்கொண்டேன். பிறகு நாயிஃப் பிறந்தான். ஊரே என்னை உம்மு நாயிஃப், நாயிஃபின் தாய், என்று கூப்பிட ஆரம்பித்தது. கொஞ்ச காலம் உம்மு ஃபித்தா என்று ஒருத்தி இருந்ததை எல்லோரும் மறந்தார்கள். அந்தக் கல்லின் முதுகில் விரல் வைக்கும்போது மட்டும் நான் மறுபடி உம்மு ஃபித்தா. ஒவ்வொரு பெருநாளும் வட்டம், மூன்று பல், கொக்கி. முப்பது வருஷம் இப்படிப் போயிற்று.

டாக்டர் ஹெங்க் என்று ஒரு டச்சுக்காரர்தான் தோண்டும் குழுவுக்குத் தலைவர். கூலி ஆட்களிடம் பழகிப் பழகி எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டவர். அதனால் வசவுதான் அவருக்குச் சுத்தமாக வரும். அவர்கள் வந்து தங்கும் மாதங்களில் குழு வீட்டுக்கு நான்தான் ரொட்டி சுட்டுக் கொடுப்பேன். நல்ல மனுஷர். ஆனால் ஒரு பைத்தியம் உண்டு. எங்கள் மேட்டுக்குப் பழைய பெயர் என்ன, வேதத்தில் வருகிற அந்த ஊர் இதுதானா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரிந்து யாருக்குப் பசி அடங்கப் போகிறது என்று நான் கேட்டிருக்கிறேன். சிரிப்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சரிவில் ஒரு பழைய தொழுவத்துச் சுவரில் எழுத்துள்ள கருங்கல் கிடைத்தது. பாதிதான். ஒவ்வொரு வரியும் நடுவில் அறுந்து நின்றது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

"மீதிப் பாதி இங்கதான் எங்கயோ இருக்கு. எவன் வீட்டுச் சுவத்துல இருக்கோ, எவ அடுப்புக்குக் கீழ கிடக்கோ!" என்று ஒவ்வொரு வருஷமும் வேலை தொடங்கும் நாளில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு கெஞ்சுவார். ஊரே தேடியது. ஒருத்தி உடைந்த திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தன் தன் வீட்டு வாசற்படியைப் பெயர்த்து வந்து நின்றான், அவன் மனைவி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள்.

இவர் தேடப் போகவில்லை. உட்கார்ந்திருந்தார். அந்த வருஷத்திலிருந்துதான் இளைக்க ஆரம்பித்தார். சாப்பாடு இறங்கவில்லை. வயிற்று வலி என்று நினைத்து மருத்துவம் பார்த்தேன். மேட்டில் உட்கார்ந்திருப்பவர், குழுக்காரர்களின் கார் வரும் சத்தம் கேட்டாலே எழுந்து உச்சிக்குப் போய் மையவாடி வாசலில் நின்றுகொள்வார். வயதாகிறது, மரண பயம் வந்துவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டோம்.

இன்னொரு பைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துருக்கிக்காரன் ஓடும்போது தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனான், அடையாளத்துக்குக் கல்லில் கோடு கிழித்து வைத்தான் என்று எங்கள் ஆண்களில் பாதிப் பேர் நம்புகிறார்கள். கல்லில் ஒரு கீறல் இருந்தால் போதும், மறுநாள் அங்கே ஆள் இறங்குகிற அளவுக்குக் குழி இருக்கும். என் கொழுந்தன் முறை ஜத்ஆன் அந்தக் கூட்டத்துக்கு வாத்தியார். டாக்டர் ஹெங்கிடம் மண் தள்ளும் வேலை பார்த்துக்கொண்டே, "மதினி, இந்த டாக்டர் நம்மகிட்ட மறைக்கிறான். ரெண்டு பாதியும் சேந்தாத்தான் தங்கம் இருக்கிற இடம் தெரியும், அதான் இப்படிப் பறக்குறான்" என்பான்.

"உன் வாயில மண்ணைப் போட. தங்கம் கிடைச்சா முதல்ல உன் பொண்டாட்டிக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடு" என்பேன்.

போன இலையுதிர் காலத்தில்தான் அது நடந்தது. குழுக்காரர்கள் மூட்டை கட்டும் வாரம். சுவரில் மாட்டி வைப்பதற்காக அந்தப் பாதிக் கல்லுக்குச் சுண்ணத்தில் ஒரு நகல் வார்த்திருந்தார்கள். காயட்டும் என்று அதை நான் மாவு பிசையும் மேசையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறதே என்று ஓரமாகத் தள்ளப் போனேன். மாவுக் கையோடு விரல்கள் அதன்மேல் போயின.

வட்டம். மூன்று பல். கொக்கி.

ஐயோ! மறுபடி தடவினேன். அதேதான்.

"யாரு இதுல என் மக பேரை எழுதுனது?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். கோபம் வந்துவிட்டது எனக்கு.

டாக்டர் ஹெங்க் பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். வாசலில் ஓட்டுச் சில்லுக் கூடையோடு நின்ற ஜத்ஆன் அப்படியே நின்றான்.

"உம்மு நாயிஃப், இந்த எழுத்தை எங்க பாத்த?" என்று டாக்டர் ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் என் பின்னால் வாளி கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொண்டுவந்த இவர்தான். முகத்தில் ரத்தமில்லை.

"என் மக கபர்ல. வாங்க, நான் காட்டுறேன்" என்றார்.

அவர் நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். ஜத்ஆன் வழியிலேயே நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டான், அந்த நாலு பேர் நாற்பது பேரானார்கள். மேலே போனதும் டாக்டர் மண்டியிட்டுக் கல்லின் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, "அபூ நாயிஃப், கல்லு இங்கயே இருக்கட்டும். நான் நகல் மட்டும் எடுத்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவரை நான் எந்தக் காலத்திலும் குறை சொல்லமாட்டேன்.

இவர் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். ஜத்ஆனைப் பார்த்தார்.

"ஊரே பாத்தாச்சு. இனி இங்க இருந்தா தோண்டிருவாங்க. கொண்டு போயிருங்க" என்றார்.

"கல்லு என்னோடது! கை வைக்காதீங்க!" என்று நான் கத்தினேன். ஆண்கள் நிற்கும் இடத்தில் கத்தினேன், வெட்கமில்லாமல். என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எனக்குச் சொல்வதற்கு இந்த உலகத்தில் இருந்தது அந்தக் கல் ஒன்றுதான். இவர் என் பக்கம் திரும்பவில்லை. வேறு யாரையும் கிட்ட விடாமல் தன் கையாலேயே மண்ணைப் பறித்து, கல்லை ஆட்டி, எடுத்து, தன் கோட்டைக் கழற்றி அதில் சுற்றினார். அதே கோட்டு. எனக்குப் பார்க்க முடியவில்லை, கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அன்று முதல் அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

டாக்டர் ஹெங்க் ஊருக்குப் போகாமல் தங்கி, இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் படித்தார். பிறகு ஊர்க்காரர்களைக் கூட்டிச் சொன்னார். யாரோ ஒருவன் அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி வெட்டியிருக்கிறான். பாறையைக் குடைந்து, படி வைத்து, சாந்து பூசி மழைத் தண்ணீர் பிடித்திருக்கிறான். அதைப் பெருமையாகக் கல்லில் எழுதி நட்டிருக்கிறான். நான் தடவிய வட்டமும் பல்லும் கொக்கியும் இரண்டு பாதியிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரே வார்த்தையாம்: தொட்டி. அவ்வளவுதான். எந்த ஊருக்கு என்ற இடத்தில் கல் பழைய காலத்திலேயே பொரிந்து உதிர்ந்திருந்தது. ஒன்பது வருஷம் தேடிய அந்த ஒரு பெயர் மட்டும் அதில் இல்லை. "பரவாயில்ல" என்று டாக்டர் சொன்னார். பிறகு வெளியே போய்க் காருக்குப் பின்னால் நின்று வெகுநேரம் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணித் தொட்டியாம்ல! எவனாவது தண்ணித் தொட்டிக்கு இவ்வளவு பாடுபட்டு எழுதுவானா? கல்லைத்தான் எடுத்திருக்கான், கல்லுக்குக் கீழ இருக்கிறது அங்கதான் இருக்கு" என்றான் ஜத்ஆன்.

அந்த வாரமே மையவாடி ஓரத்தில் இரண்டு குழி. ஒன்று ஃபித்தாவுக்கு இரண்டு கபர் தள்ளி.

இவர் மெத்தையையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் தூக்கிக்கொண்டு மேலே போனார். மகள் தலைமாட்டில், கல் இருந்த பள்ளத்தில், ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை நட்டுவிட்டு அதன் பக்கத்தில் தார்ப்பாய் கட்டினார். அறுபது தாண்டிய மனுஷர், குளிர்காலம் முழுக்க அங்கேதான். இருமல் கீழே வீடுவரைக்கும் கேட்கும். பட்டாளத்தில் இருக்கும் நாயிஃப் விடுப்பில் வந்து, "வாப்பா, எறங்கி வாங்க, நான் போய்ப் படுத்துக்கிறேன்" என்று கெஞ்சினான். அசையவில்லை.

தினமும் நான்தான் கஞ்சியும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு ஏறுவேன். வைப்பேன், இறங்குவேன். பேசமாட்டேன். முழங்கால் போயே போயிற்று. ஒரு நாள் மத்தியானம் இறங்க முடியவில்லை. தார்ப்பாய்க்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் தேநீர் ஊற்றித் தந்தார். அந்தத் தேநீரைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"முப்பது வருஷமா ஒரு தண்ணித் தொட்டியையா தடவிக்கிட்டிருந்தேன்?" என்றேன். "உங்களைத்தான் கேக்குறேன். எம்புள்ள பேருன்னு நெனச்சு முத்தம் குடுத்தேனே, பாவி மனுஷா!"

இவர் அடுப்புத் திரியைக் குறைத்தார், கூட்டினார்.

"அன்னைக்குப் பனியில வெள்ளைக் கல்லு எதுவும் கண்ணுல படல. கறுப்பா இது ஒண்ணுதான் தெரிஞ்சது" என்றார். "பின்னால கீறல் இருந்தது. முன்னால வச்சா எவனாவது தங்கம்னு தோண்டுவான். அதான் திருப்பி வச்சேன்."

"என்கிட்ட ஏன் பேருன்னு சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? நீதான் கேட்ட."

"ம்ம்னீங்களே!"

"உன் முகத்தைப் பாத்தேன்" என்றார். "அன்னைக்குத்தான் அத்தனை நாளுக்கப்புறம் உன் முகம் மனுஷ முகமா இருந்தது. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

அவரே தொடர்ந்தார். வாழ்நாளில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டாக்டர் முதல் பாதியைக் கண்டெடுத்த அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். சொன்னால் கபரைத் தோண்ட வருவார்கள். சொல்லாவிட்டால், காவலுக்கு வைத்தவனே களவு மறைத்த மாதிரி. ஒன்பது வருஷம் டாக்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். "ராத்திரி தூக்கமில்ல. களைச்சுப் போச்சு, வத்ஹா" என்றார். வத்ஹா என்பது என் பெயர். அதையும் அவர் எப்போதாவதுதான் சொல்வார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதைத் தூக்கிச் சுமக்க அன்றைக்கு எனக்கு வலுவில்லை. "சரி, இப்படியே இங்க கிடந்து செத்தா உங்களையும் நானா காவல் காக்கணும்? போய் அந்த ஜத்ஆன் வீட்டுக் காப்பியைக் குடிக்காம வச்சிட்டு வாங்க" என்றேன்.

அவருக்கு ஏன் அது தோன்றவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்கத் தெரியாத மனுஷர். எங்கள் பக்கம் ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் கொடுக்கும் காப்பிக் கோப்பையைக் குடிக்காமல் முன்னால் வைத்தால், எனக்கு ஒன்று வேண்டும் என்று அர்த்தம். கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை கோப்பை அங்கேயே இருக்கும். காப்பி குடிக்காமல் விருந்தாளி எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை. பெண் கேட்பதும் இப்படித்தான், கொலைப்பழி தீர்ப்பதும் இப்படித்தான்.

மறுநாளே போனோம். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் இரும்பு உரலில் காப்பி இடிக்கும் சத்தம், ஏலக்காய் வாசம். ஜத்ஆனின் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு விஷயம் தெரியும்.

"காப்பி ஆறுதுண்ணே" என்று ஜத்ஆன் சொல்வது கேட்டது.

"ஆறட்டும்."

"என்ன, பொண்ணு கேட்டா வந்திருக்கீங்க? எனக்கு இருக்கிறது ஒண்ணு, அதுக்கு இன்னும் பல்லே முளைக்கல." அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை போலும். சிரிப்பு நின்றுபோயிற்று.

"எம்புள்ள இருக்கிற இடத்தை விட்டுரு."

"நான் எங்கண்ணே..."

"நீயும் விட்டுரு, உன் ஆளுங்களும் விட்டுரணும். மேட்டு உச்சி முழுக்க. கீழ என்ன இருந்தாலும் சரி. தங்கமே இருந்தாலும் சரி."

தங்கப் பைத்தியம் பிடித்தவனிடம் தங்கத்தை விடச் சொல்வது லேசா? இருபது வருஷமாக அவன் கனவே அதுதான்.

"அண்ணே, வேற எதுனாலும் கேளுங்க" என்றான் ஜத்ஆன்.

"வேற எதுவும் வேணாம்."

இவர் எழுந்திருக்கப் போகிறார் போல, பாய் சரசரத்தது. ஜத்ஆனின் பெண்டாட்டி தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து, "யோவ், குடுய்யா! வீட்டுல புள்ளைகுட்டி இருக்கு!" என்று போட்டாளே ஒரு சத்தம்!

"குடிங்கண்ணே" என்றான் அவன். "குடுத்தாச்சு. குடிங்க."

ஜத்ஆனிடம் நூறு கோளாறு உண்டு, ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். குழி தோண்டியவர்களை அவனே போய் விரட்டினான். குழியை மூடியதும் அவன்தான். இவர் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், வந்து இரண்டு நாள் தூங்கினார். அந்த வசந்தத்தில் கோட்டையும் விசிலையும் அரசாங்கத்து ஆட்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளைக் கல்லில் பெயர் செதுக்கித் தருகிறேன் என்று நாயிஃப் சொன்னான். வேண்டாம் என்றேன். என் விரலுக்கு அது தெரியாது. அவனுக்கு அது புரியவில்லை, புரியவும் வேண்டாம்.

கோடை வெயில் ஏறும் முன்னால் டாக்டர் ஹெங்க் வந்து எங்களை நகரத்து அருங்காட்சியகத்துக்குக் காரில் கூட்டிப் போனார். உள்ளே ஒரு மேடையில் இரண்டு பாதியையும் இரும்புக் கம்பியில் சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். மேலே விளக்கு, முன்னால் ஒரு கயிறு. எழுத்துப் பக்கம் ஆட்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது. முப்பது வருஷம் நாங்கள் பார்த்த வழவழப்பான பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. என் பாதி எது என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினேன்.

"ஹஜ்ஜம்மா, கை வைக்காதீங்க" என்றான் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி.

கையை இழுத்துக்கொண்டேன். அந்த வார்த்தைக்குப் பழகிப்போன கைதானே. சரி, பார்த்தாயிற்று, போகலாம் என்று திரும்பினேன். உண்மையில் எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

இவர் அந்தக் காவலாளியிடம் நடந்து போனார். அவன் போட்டிருந்த காக்கிச் சட்டையை ஒரு தரம் பார்த்தார்.

"தம்பி, நானும் இந்த வேலைதான் பாத்தேன். இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன், ஆயுசு முழுக்க" என்றார். "அவ தொடட்டும்."

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான். என் புருஷன் கயிற்றைக் கையால் தாழ்த்திப் பிடித்தார்.

நான் விரல்களை வைத்தேன். வட்டம். மூன்று பல். கொக்கி. தொட்டி வெட்டியவன் எவனோ, அவன் நல்லா இருக்கட்டும்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன், அந்தப் பெருநாளில் கேட்ட மாதிரியே.

இவர் கயிற்றைப் பிடித்தபடி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபித்தா" என்றார். டாக்டர் முன்னால், அந்தக் காவலாளி முன்னால், வாய்விட்டுச் சொன்னார்.